சும்மா இருப்பதற்கு ஒரு படிப்பு

என் அக்காள் மகள் 2015-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலம் ஒன்றுக்கு முதுகலைப் படிப்புக்காகப் போனாள். படிப்பின் பெயர் வனாந்தர நிர்வாகம். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. அக்காள் அதை ‘பாரஸ்ட் ஆபீஸர் வேலைக்கான படிப்பு’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்காதது வேறு. வனாந்தரம் என்றால் மனிதன் கை படாத இடம் என்கிறார்கள். நிர்வாகம் என்றால் கை வைப்பது. கை வைக்காமல் இருப்பதற்கு இரண்டு வருஷப் படிப்பா என்று அவளிடம் கேட்டேன். “சும்மா இருக்கிறதுக்குத்தான் மாமா படிப்பு வேணும். மத்ததெல்லாம் படிக்காமலே வரும்” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பத்து வருஷமாக அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அதில் ஒரு உண்மையும் அந்த உண்மைக்குள் ஒரு மோசடியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் விசாரம்.

முதலில் சொல். ‘வில்டர்னஸ்’ என்பதற்கு நான் எழுதும் ‘வனாந்தரம்’ பைபிள் தமிழ் நமக்குப் பழக்கப்படுத்தியது. இஸ்ரவேலர் நாற்பது வருஷம் அலைந்த வெளி; குடியில்லாத, ஆன்மா சோதனைக்கு உள்ளாகிற இடம். நம்முடைய ‘காடு’ இப்படிப்பட்டதல்ல. கொங்கு நாட்டில் ஒருவர் காட்டுக்குப் போகிறேன் என்றால் சோளம் விதைத்த தன் மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். செத்தவனைக் கொண்டுபோகிற இடமும் காடுதான். திணை வகுத்தவன் ஒவ்வொரு நிலத்துக்கும் மரமும் விலங்கும் பறவையும் சொன்ன அதே மூச்சில் மக்களையும் அவர்கள் தொழிலையும் சொன்னான். பாலைக்குக்கூட எயினர் உண்டு. ஆளில்லாத திணை என்று ஒன்று அவனுக்குத் தேவைப்படவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. காட்டை வெட்டி ஊராக்கிய அரசனைப் பாடிப் பரிசு பெற்ற மரபும் நம்முடையதுதான். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அனுபவம் நம் மொழியில் அப்படியே வந்து உட்காராது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

அமெரிக்கர்கள் அந்தச் சொல்லுக்கு ஒரு சட்டம் செய்தார்கள். 1964 செப்டம்பர் 3-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டம். அதை எழுதியவர் ஹோவர்ட் ஸானிஸர். வனாந்தரப் பாதுகாப்புக்கான சங்கம் ஒன்றின் செயலாளர், அதன் பத்திரிகையின் ஆசிரியர். எட்டு வருஷத்தில் 60-க்கு மேற்பட்ட வரைவுகள் எழுதினார். சட்டமாகும் நாளைப் பார்க்க அவர் இல்லை. நான்கு மாதம் முன்னால் இறந்துபோனார். சட்டத்தில் வனாந்தரத்தை வரையறுக்கும் இடத்தில் அவர் போட்ட சொல் ஒன்றைப் பற்றி அவருடைய நண்பர்களே ஆட்சேபித்தார்கள். ‘கலைக்கப்படாத’ என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே என்றார்கள். அவர் கேட்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்த சொல்லைத் தமிழில் ‘தளைபடாத’ என்று சொல்லலாம். அந்த ஆங்கிலச் சொல்லின் வேரில் குதிரையின் காலைப் பிணைக்கும் தளை இருக்கிறது. காடு எப்போதாவது கலைக்கப்பட்டிருக்கலாம், தீப்பட்டிருக்கலாம், அதன் வழியாக மனிதர்கள் போயிருக்கலாம். இனிமேல் அதன் காலைக் கட்டமாட்டோம் என்பதுதான் விஷயம். யாப்பில் தளை படித்து, அதை அறுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இந்தப் பிடிவாதம் அந்நியமானதல்ல.

சட்டத்துக்குப் பின்னால் படிப்பு வந்தது. 1978-ல் ஹெண்டீ, ஸ்டாங்கி, லூகஸ் ஆகிய மூவர் எழுதி அந்நாட்டுக் காட்டிலாகாவே வெளியிட்ட பாடப்புத்தகத்தின் பெயர் ‘வனாந்தர நிர்வாகம்’. பெயரிலிருக்கும் முரண் அவர்களுக்குத் தெரியாததல்ல. அந்த முரணை எப்படிச் சுமப்பது என்பதைத்தான் அந்தத் துறை கற்றுத்தருகிறது. வனாந்தரத்துக்குள் மோட்டார் கருவி கூடாது என்பது சட்டம். ஆகவே பாதையில் விழுந்த மரத்தை இரண்டுபேர் ஆளுக்கொரு முனையில் நின்று இழுக்கும் கைரம்பத்தால் அறுக்கிறார்கள். விதிவிலக்கு வேண்டுமானால் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் முதல் கேள்வி: இங்கே எதையாவது செய்தே ஆகவேண்டுமா? ஆம் என்று நிறுவினால்தான் இரண்டாவது கேள்விக்குப் போகலாம்: செய்வதானால் மிகக் குறைந்த தலையீடு எது? 1985-ல் இந்தத் துறைக்காரர்கள் இன்னொரு முறையை வகுத்தார்கள். அதுவரை, ஒரு காடு எத்தனை மனிதர்களைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், எவ்வளவு மாறுதலை நாம் ஒப்புக்கொள்ளத் தயார் என்று கேட்கத் தொடங்கினார்கள். முதல் கேள்வி காட்டைப் பற்றியது மாதிரி பாவனை செய்வது. இரண்டாவது, கேட்கிறவனைப் பற்றியது. இதை ஒரு ஆபீஸ் நடைமுறையாக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுதுகிற நாம் பேனாவை எடுக்குமுன் இப்படி ஒரு படிவத்தை நிரப்புவதில்லை.

இந்த ஒழுக்கம் சாதுக்களிடமிருந்து வந்ததல்ல. ஆல்டோ லியோபோல்ட் 1909-ல் யேல் காட்டியல் பள்ளியில் பட்டம் வாங்கி நேரே தென்மேற்குக் காடுகளுக்கு வேலைக்குப் போனார். அந்தக் காலத்துப் படிப்பில் ஓநாய் ஒழிக்கவேண்டிய ஜந்து. ஓநாய் போனால் மான் பெருகும். சுட்டார். 1924-ல் அவருடைய முயற்சியால் நியூ மெக்ஸிகோவின் கீலா பகுதி வனாந்தரமாக ஒதுக்கப்பட்டது. தான் சுட்ட ஓநாய் ஒன்று சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததை அவர் எழுதியதோ 1944-ல். கற்ற கல்வி தப்பு என்று ஒருவன் தன் பெயரில், தன் துப்பாக்கியைக் குறிப்பிட்டு எழுதுவதற்கு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அந்தத் துறையின் தார்மீகப் பலம் இந்த ஒப்புதலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பலவீனமும் இங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவள் படித்துக்கொண்டிருந்தபோது வகுப்பை இரண்டாகப் பிளந்த விஷயம் ஐல் ராயல் தீவின் ஓநாய்கள். சுப்பீரியர் ஏரிக்குள் 72 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் தீவு அது. ஒஜிப்வே மக்கள் அதை மினோங் என்று அழைத்தார்கள். பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அங்கே செம்பு எடுத்திருக்கிறார்கள்; பின்னால் மீனவக் குடும்பங்கள் இருந்தன. 1940-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1976-ல் தீவு அநேகமாக முழுவதும் சட்டப்படி வனாந்தரம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மூஸ் என்ற பெரிய மான் அங்கே வந்துசேர்ந்தது. 1940களின் கடைசியில் உறைந்த ஏரியின் மேல் நடந்து ஓநாய்கள் வந்தன. 1958-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் இந்த இரண்டையும் எண்ணத் தொடங்கினார். முதல் ஆராய்ச்சி மாணவர் டேவிட் மெக். 1970-ல் மாணவராக வந்த ரால்ஃப் பீட்டர்சன் பிறகு தன் ஆயுளையே அங்கே செலவழித்தார். உலகத்தில் இரைக்கும் வேட்டை மிருகத்துக்கும் இடையிலான உறவைப் பற்றி இவ்வளவு நீண்ட காலம் நடந்த ஆராய்ச்சி வேறில்லை என்கிறார்கள். எண்ணுவது, எலும்பு பொறுக்குவது, தலையிடாமல் இருப்பது, இதுதான் வேலை.

1980-ல் ஓநாய்கள் 50. இரண்டே வருஷத்தில் 14. பார்வோ வைரஸ் என்ற நாய் நோய். தீவுக்கு வந்த யாரோ ஒருவருடைய நாய் கொண்டுவந்தது என்று கருதுகிறார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை பழைய அளவுக்கு ஏறவில்லை. குளிர்காலத்தில் ஏரி முன்போல் உறைவதில்லை. உறையாததால் கரையிலிருந்து புது ஓநாய் வருவதில்லை. உள்ளுக்குள்ளேயே கலந்து முதுகெலும்பு கோணலான குட்டிகள் பிறந்தன. 2018-ல் மிஞ்சியவை இரண்டு. ஒரு தகப்பன், அவனுடைய மகள். ஒரே தாயின் வயிற்றில் பிறந்ததால் அவனுக்கு அவள் சகோதரி முறையும்கூட. மூஸ் 2,000-ஐ நெருங்கி, தீவின் இளமரங்களைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு கட்சி சொன்னது: சும்மா இருங்கள். வனாந்தரம் என்று பெயர் வைத்தபிறகு, நமக்குப் பிடிக்காதது நடக்கிறபோது கை வைத்தால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? அழிவதும் அதன் சுதந்திரம். இன்னொரு கட்சி சொன்னது: ஓநாயைக் கொண்டுவந்து விடுங்கள், இல்லாவிட்டால் தீவே சாகும். நான் முதல் கட்சி. பழக்க தோஷம்தான். ‘சும்மா இரு’ என்ற உபதேசத்தை ஆன்மிகத்தின் உச்சமாகக் கேட்டு வளர்ந்தவன். அவளுக்கு அப்படியே எழுதினேன். பதில் இரண்டு வரி: “ஏரி உறையாததும் நம்ம கைதான் மாமா. நாய் கூட்டிட்டுப் போனதும் நம்ம கைதான். கையை ஏற்கெனவே வச்சுட்டு இப்ப மடியில வச்சுக்கிட்டா அது சும்மா இருக்கிறதாகுமா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சும்மா இருத்தல், தான் செய்ததை முழுக்க எண்ணி முடித்தவனுக்குத்தான் ஒழுக்கம். எண்ணாதவனுக்கு அது ஒளிந்துகொள்ளும் இடம். 2018 ஜூனில் ஓநாய் கொண்டுவருவதென்று தீர்மானித்தார்கள். அடுத்த ஒரு வருஷத்தில் மினசோட்டாவிலிருந்தும் ஒண்டாரியோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் பிடித்து, விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் படகிலுமாக 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2019 ஜனவரி முடிவில் ஏரி உறைந்தது. கொண்டுவந்த பெண் ஓநாய்களில் ஒன்று பனிமேல் நடந்து கரைக்கே திரும்பிப் போய்விட்டது. மற்றவை தங்கின, பெருகின. 2024 குளிர்காலக் கணக்கில் ஓநாய் 30, மூஸ் ஏறத்தாழ 840. இரண்டாம் கட்சி ஜெயித்துவிட்டது என்று எண்களை வைத்துச் சொல்லலாம். திரும்பிப்போன ஓநாயை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இது வரைக்கும் உண்மை. மோசடி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது வேறு ஒரு இடத்தில் தெரிந்தது. அவளுடைய வகுப்பில் இந்தியாவுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். ராமச்சந்திர குஹா 1989-ல் எழுதிய கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் வனாந்தர லட்சியத்தை இந்தியா போன்ற தேசங்களில் அப்படியே நட்டால் அது ஏழைகளிடமிருந்து பணக்காரர்களுக்குக் காட்டைக் கைமாற்றுவதாகிவிடும் என்ற விமர்சனம். வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்களாம்; அடுத்த வாரம் வேறு பாடம். நான் அப்போதுதான் பரத்பூரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ராஜஸ்தானில் இருக்கும் பரத்பூர் கேவலாதேவ் 29 சதுர கிலோமீட்டர். பறவைகளின் சொர்க்கம் என்று எல்லோரும் சொல்கிற அந்த ஏரி அணையும் மதகும் கரையுமாக மனிதன் செய்தது. மகாராஜாக்களின் வாத்து வேட்டைக்காகச் சீர்செய்தது. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள் என்று அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அதே ஏரி தேசியப் பூங்கா ஆனதும், 1982 நவம்பரில், சுற்றியிருந்த கிராமங்களின் எருமைகள் உள்ளே மேயக்கூடாது என்று தடை வந்தது. ஜனங்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. எருமைகள் வெளியேறின. இனி இயற்கை தன் வழியில் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதன் வழியில்தான் போயிற்று: எருமைகள் மேய்ந்து அடக்கிவைத்திருந்த நீர்ப்புல் கட்டுமீறி வளர்ந்து, ஆழமில்லாத நீர்ப்பரப்பை மூடியது, நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. இதைச் சொன்னது மேய்ச்சல்காரன் அல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்து வருஷம் ஆராய்ந்து 1991-ல் தந்த அறிக்கை சொன்னது. பிறகு கிராமத்தார் உள்ளே வந்து புல்லறுத்துக்கொண்டு போக அனுமதி கிடைத்தது.

ஐல் ராயலில் ஒருவன் தன் கையைப் பார்த்து, சும்மா இரு என்றான். பிறகு அதுவே போதாது என்று தெரிந்துகொண்டான். பரத்பூரில் ஒருவன் இன்னொருவன் கையைப் பார்த்து, சும்மா இரு என்றான். வார்த்தை ஒன்றுதான். முன்னது விரதம், பின்னது உத்தரவு. பின்னதைச் சொல்கிறவன் முன்னதன் புனிதத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறான் என்பதுதான் நான் சொல்லவந்த மோசடி. படிப்பு கற்றுத்தருவது விரதத்தை. வேலை கேட்பது உத்தரவை. லியோபோல்டின் ஒப்புதலில் நான் பலவீனம் என்றதும் இதைத்தான்: அவர் சுட்ட ஓநாய் அவர் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஓநாய்க்கு முன்னால் அந்தக் காட்டில் வாழ்ந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு அவர் துறை தன் ஒப்புதல்களில் வெகு காலம் இடம் தரவில்லை. கீலா அப்பாச்சிகளின் பூமி.

இப்போது என் முறை. 1980களின் முடிவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு காட்டு விடுதியில் மூன்று நாள் தங்கினேன். அதிகாரி ஒருவரின் சிபாரிசு. திரும்பிவந்து, இதைப் போன்ற ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். மனித வாடையற்ற மௌனம் என்று அதில் ஒரு பிரயோகம். நண்பர்கள் அதை மெச்சினார்கள். ஒரு கவிஞர் தன் தொகுப்பின் முன்னுரையில் எடுத்தாண்டார். அந்த மூன்று நாளும் எனக்கு வெந்நீர் வைத்து, சோறாக்கி, யானை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல எனக்கு முன்னால் நடந்தவர் காட்டிலாகாவில் தினக்கூலிக்கு இருந்த ஒரு பழங்குடி மனிதர். இரண்டாம் நாள் ஓடைக்குப் பக்கத்தில் நின்ற பலாமரத்தைக் காட்டி, “இது எங்க பாட்டன் வச்சதுங்க” என்றார். அவர்களுடைய குடியிருப்பு அங்கேதான் இருந்ததாம். நான் கேட்டேன், தலையாட்டினேன். எழுதும்போது ஞாபகமும் இருந்தது. ஆனால் அந்தப் பலாமரத்தை உள்ளே விட்டால் என் வாக்கியத்தின் மௌனம் கெட்டுவிடும். விட்டுவிட்டேன். பரத்பூரில் போலீஸ் தேவைப்பட்டது. எனக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது. நம் புதுக்கவிதைக் காடுகளில் எத்தனை ஆளில்லாமல் கிடக்கின்றன என்று நண்பர்கள் புரட்டிப் பார்க்கலாம். நான் என்னுடையதை மட்டும் சொல்கிறேன்.

அக்காள் மகளுக்கு அங்கே நிலையான வேலை அமையவில்லை. அரசு வேலை அநேகமாக அந்நாட்டுப் பிரஜைகளுக்குத்தான். அவர்களிலும் புதிதாக வருகிறவர்களுக்குப் பருவகால வேலை. வருஷத்துக்கு 1,039 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு. மிச்ச மாதங்களில் ஹோட்டலில் தட்டுக் கழுவலாம். இவள் இரண்டு பருவம் ஒரு தொண்டு அமைப்பில் கைரம்பம் இழுத்துவிட்டு ஊர் திரும்பினாள். 2025 பிப்ரவரியில் அந்நாட்டுக் காட்டிலாகாவில் சுமார் 3,400 பேரையும் தேசியப் பூங்காக்களில் சுமார் 1,000 பேரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று செய்தி வந்தபோது, அக்காள் முதல் தடவையாக, மகள் திரும்பிவந்தது நல்லதாயிற்று என்றாள். வழக்குகளுக்குப் பிறகு சிலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷமே இவளுக்கு இங்கே ஒரு வேலை வந்தது. மத்திய இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகம். உள்ளே இருக்கும் கிராமங்கள் தாமாக விரும்பி வெளியேறும் திட்டம். அதற்கு உதவும் ஒரு அமைப்பில் ஒப்பந்த உத்தியோகம். வெளியேறும் குடும்பத்துக்கு 2008 முதல் பத்து லட்சம் ரூபாய். 2021-ல் அது பதினைந்து லட்சமாயிற்று. வேலை ஜனங்களிடம் பேசி, விருப்பத்தைப் பதிவுசெய்வது. “மாமா, போகட்டுமா?” என்று கேட்டாள். மூன்று வருஷமாக அவளுக்குச் சரியான சம்பளம் இல்லை. புலியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தப்பிப் பிழைக்க அதற்கு இடம் வேண்டும். சில கிராமங்கள் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ரோடும் வேண்டி, உண்மையாகவே வெளியே வர விரும்புகின்றன. போகாதே என்று சொல்ல நான் யார்?

போ என்றேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மரத்தை அறுக்குமுன் நிரப்பச் சொல்லிக்கொடுத்தார்களே ஒரு படிவம், அதை இங்கேயும் நிரப்பு. முதல் கேள்வி: இதைச் செய்தே ஆகவேண்டுமா? இது என் உபதேசமல்ல. 2006-ன் வன உரிமைச் சட்டம் கேட்பதும் அதுதான்: மனிதனும் மிருகமும் அங்கே சேர்ந்து வாழ முடியாது என்று நிறுவ வேண்டும், கிராம சபை சுதந்திரமாக ஒப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றது. ஒரு விழுந்த மரத்துக்குக் கிடைக்கிற யோசனை ஒரு கிராமத்துக்கும் கிடைக்க வேண்டும் என்றேன்.

போனாள். நான்கு மாதம் ஒரு கிராமத்தில் அவர்களோடு தங்கியிருந்தாள். போன மாதம் கடிதம் வந்தது. படிவத்தை நிரப்பிவிட்டாளாம். முதல் கேள்விக்கு, ‘அவசியம் நிறுவப்படவில்லை’ என்று எழுதி, காரணங்களை நான்கு பக்கத்துக்கு இணைத்து, மேலே அனுப்பிவிட்டாள். பதில் இல்லை. ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்கப்பட வேண்டும்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அவள் அதை எழுதாமல் இருந்திருக்கலாமே என்பதுதான். பேசாமல் சும்மா இருந்திருக்கலாமே. அந்த வார்த்தையேதான் வந்தது. பலாமரத்தை விட்டதற்குப் பக்கத்தில் இதையும் எழுதிவைக்கிறேன்.